கானமயிலும் 11 மில்லிமீட்டர் கம்பியும்

மின்கோபுர வரிசைக்குப் பக்கத்தில் நின்று அண்ணாந்து பார்த்தால் முதலில் கண்ணில் படுவது கண்டக்டர், அதாவது மின்சாரம் ஓடும் கம்பி. 400 கே.வி. (ஒரு கே.வி. என்பது ஆயிரம் வோல்ட்) பாதைகளில் பரவலாகப் போடும் ‘மூஸ்’ கண்டக்டரின் தடிமன் ஏறக்குறைய 32 மி.மீ. அதையும் ஒற்றையாகப் போடுவதில்லை. இரண்டு, நான்கு என்று கொத்தாகச் சேர்த்து, ஒன்றோடொன்று உரசாமல் இடையிடையே ஸ்பேசர் வைத்துக் கட்டியிருப்பார்கள். தூரத்திலிருந்தே தெரியும். அதற்கும் மேலே, டவர் உச்சியிலிருந்து அடுத்த டவர் உச்சிக்கு ஒரு மெல்லிய கம்பி தனியாகப் போகும். எர்த் ஒயர். இடி விழுந்தால் தான் வாங்கிக்கொண்டு கண்டக்டரைக் காப்பாற்றுவது அதன் வேலை. வழக்கமாக ஏழு புரி முறுக்கிய இரும்புக் கம்பி, மொத்தத் தடிமன் 11 மி.மீ. மத்தியான வெயிலில் வானத்தோடு கரைந்துவிடும்.

வேகமாகப் பறந்து வரும் பெரிய பறவை கொத்துக் கம்பியைக் கடைசி நேரத்தில் பார்க்கிறது, தப்பிக்க மேலே ஏறுகிறது. ஏறிய இடத்தில் எர்த் ஒயர் இருக்கிறது.

கம்பியில் பறவை செத்தால் ஷாக் அடித்துச் செத்தது என்றுதான் பொதுவாக நினைக்கிறோம். காக்கைக்கும் கழுகுக்கும் அது சரி. 11 கே.வி., 33 கே.வி. கம்பங்களில் இரண்டு கம்பிகளுக்கு நடுவே இடைவெளி குறைவு. சிறகு விரித்தால் இரண்டையும் தொட்டுவிடும். 400 கே.வி., 765 கே.வி. பாதைகளில் கம்பிகள் பல மீட்டர் தள்ளி இருப்பதால் எந்தப் பறவையும் இரண்டைச் சேர்த்துத் தொட முடியாது. அங்கே நடப்பது வெறும் மோதல். சுவரில் முட்டிக்கொண்ட மாதிரி.

ராஜஸ்தானிலும் குஜராத்திலும் கானமயில் என்ற பறவையினமே இப்படி முட்டிக்கொண்டு அழியும் நிலைக்கு வந்தது. அதற்காக 2019இல் தொடங்கிய வழக்கு உச்ச நீதிமன்றத்தில் ஆறு ஆண்டுகளுக்கு மேல் ஓடியது. மின்பாதைகளால் சுற்றுச்சூழலுக்கு என்ன ஆகிறது என்று இந்தியாவில் இந்த அளவுக்கு விரிவாக அலசிய வழக்கு வேறு இல்லை என்றே சொல்வேன். அதனால்தான் இதை எடுத்துக்கொள்கிறேன்.

பறவை

தமிழில் கானமயில். ஆங்கிலத்தில் கிரேட் இந்தியன் பஸ்டர்டு. ராஜஸ்தானில் கோடாவண், அந்த மாநிலத்தின் மாநிலப் பறவை. ஒரு மீட்டர் உயரம், ஆண் பறவை 15 கிலோ வரை எடை. பறக்கக்கூடிய பறவைகளில் உலகிலேயே மிகக் கனமானவற்றில் ஒன்று. ஒரு காலத்தில் தமிழ்நாட்டின் வறண்ட மேய்ச்சல் வெளிகள் வரை பரவியிருந்தது. நம் மொழியில் அதற்குப் பெயர் இருப்பதே அதற்குச் சாட்சி. இன்று மிச்சம் இருப்பதில் பெரும்பகுதி ஜெய்சால்மர் பக்கத்துத் தார் பாலைவனத்தில்தான்.

1969இல் நாடு முழுவதும் ஏறக்குறைய 1,260 பறவைகள் இருந்ததாக ஒரு மதிப்பீடு. 2018 வாக்கில் அது 150ஐ ஒட்டி இறங்கிவிட்டது. இந்த வீழ்ச்சி முழுவதற்கும் மின்கம்பியைக் குற்றம் சொன்னால் அது நேர்மையாக இருக்காது. வேட்டை இருந்தது, புல்வெளிகளை உழுது வயலாக்கினார்கள், தெருநாய்களும் நரிகளும் முட்டையைத் தின்றன. கம்பி வந்து சேர்ந்தது கடைசியில். ஆனால் வந்த நேரம் மோசமான நேரம். எண்ணிக்கை ஏற்கெனவே நூற்றுக்கணக்கில் சுருங்கிவிட்டிருந்தது. இந்தப் பறவை ஓர் ஆண்டில் இடுவது பெரும்பாலும் ஒரே ஒரு முட்டை, அதையும் வெறுந்தரையில். அப்படிப்பட்ட இனத்தில் வளர்ந்த பறவைகள் கூடுதலாக நாலைந்து செத்தாலே ஈடு கட்ட முடியாது.

உடலமைப்பும் அதற்கு எதிராகவே இருக்கிறது. இந்த வகைப் பறவைகளுக்குப் பின்விரல் கிடையாது. கிளையையோ கம்பியையோ பற்றி உட்கார முடியாது. தரையில் நடந்து வாழும் பறவை இது. கண்கள் தலையின் இரு பக்கமும் இருப்பதால் பக்கவாட்டில் நரி வருவது நன்றாகத் தெரியும், நேர் எதிரே தெரிவது குறுகிய ஒரு கீற்றுதான். தென்னாப்பிரிக்காவின் கோரி பஸ்டர்டு கானமயிலுக்கு நெருங்கிய சொந்தம். அதன் பார்வைப் புலத்தை அளந்து 2010இல் ஓர் ஆய்வு வெளியானது. பறக்கும்போது தலையை 25 டிகிரி தாழ்த்தினால் போதும், போகிற திசையில் அதற்கு எதுவுமே தெரிவதில்லை. கீழே இரையையோ துணையையோ தேடிக்கொண்டு பறக்கும் பறவை தலையைத் தாழ்த்தத்தான் செய்யும். கம்பி மெல்லியதா தடிமனா என்பது அந்த நொடியில் ஒரு பொருட்டே இல்லை. இந்த விஷயத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

கணக்கு

டேராடூனில் உள்ள இந்திய வனவிலங்கு நிறுவனத்தின் ஆய்வாளர்கள் தார் பகுதியில் 80 கி.மீ. நீள மின்பாதைகளை ஓர் ஆண்டில் ஏழு முறை நடந்து பார்த்தார்கள். கம்பிக்கு நேர் கீழே, மணலில், செத்துக் கிடப்பதைத் தேடுவதுதான் வேலை. 289 சடலங்கள் கிடைத்தன, ஏறக்குறைய 40 இனங்கள். கிடைத்ததை வைத்து மட்டும் கணக்குப் போட்டால் குறைத்துச் சொன்னதாக ஆகிவிடும். நாயும் நரியும் தூக்கிப் போனது போக மிஞ்சியதுதானே ஆய்வாளர் கண்ணில் படும்? அதற்கெல்லாம் திருத்தம் போட்டு, கானமயில் வாழும் 4,200 சதுர கி.மீ. பரப்பில் ஆண்டுக்குச் சுமார் 84,000 பறவைகள் மின்பாதைகளால் சாகின்றன என்று மதிப்பிட்டார்கள். கானமயில் மட்டும் ஆண்டுக்கு 18. அப்போது தார் பகுதியில் இருந்ததாக அவர்கள் மதிப்பிட்ட எண்ணிக்கையே 128தான்.

18 என்பது ஒவ்வொன்றாக எண்ணி எடுத்த எண் இல்லை, சிறு பரப்பில் பார்த்ததைப் பெரும் பரப்புக்கு விரித்துப் போட்டது. பாதியாகவே வைத்துக்கொள்ளுங்கள், 9 என்று. ஆண்டுக்கு ஒரு முட்டை இடும் பறவைக்கு அதுவும் தாங்காத எண்தான். எண்ணைப் பிடித்துத் தொங்கி வாதாடுகிறவர்கள் இதைக் கவனிப்பதில்லை.

வழக்கு

வழக்குப் போட்டவர் எம்.கே. ரஞ்சித்சிங். முன்னாள் ஐ.ஏ.எஸ். அதிகாரி, 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தை வரைந்ததில் முக்கியப் பங்கு அவருக்கு உண்டு. அந்தச் சட்டத்தில் மிக உயர்ந்த பாதுகாப்புத் தரும் முதல் அட்டவணையில் இருக்கும் பறவைக்காகத் தன் முதிய வயதில் அவரே நீதிமன்றம் போக வேண்டியிருந்தது.

2021 ஏப்ரல் 19 அன்று தலைமை நீதிபதி எஸ்.ஏ. பாப்டே தலைமையிலான அமர்வு ஒரு பெரிய உத்தரவைப் போட்டது. கானமயில் இப்போது வாழும் இடங்கள், இனி வாழக்கூடிய இடங்கள் இரண்டிலும் குறைந்த அழுத்த மின்பாதைகளை நிலத்தடிக்குக் கொண்டுபோக வேண்டும். உயர் அழுத்தப் பாதைகளில் எது சாத்தியம் என்பதை மூவர் குழு பார்த்துச் சொல்லும், சாத்தியமானதை ஓர் ஆண்டுக்குள் புதைக்க வேண்டும். அதுவரை கம்பிகளில் பறவையை எச்சரித்து விலக்கும் டைவர்ட்டர் மாட்ட வேண்டும். எல்லாம் சேர்த்து ஏறக்குறைய 99,000 சதுர கி.மீ. இந்தப் பரப்பு எவ்வளவு பெரிது என்றால், தமிழ்நாட்டின் மொத்தப் பரப்பே சுமார் 1,30,000தான்.

அந்த இடம் வெறும் பாலைவனமாக இருந்தால் பிரச்சினையே வந்திருக்காது. ஆனால் நாட்டிலேயே நல்ல வெயில் அடிக்கும் நிலம் அது. முன்பு ஜோத்பூர் மாவட்டத்தில் இருந்த, இப்போது பலோதி மாவட்டத்து பட்லாவில் 2,245 மெகாவாட் சூரியப் பூங்கா. ஜெய்சால்மர் பக்கம் வரிசையாகக் காற்றாலைகள். 2030க்குள் புதைபடிவ எரிபொருள் சாராத மின்திறனை 500 கிகாவாட்டுக்குக் கொண்டுவருவதாக அரசு அறிவித்த இலக்கில் கணிசமான பங்கு இங்கிருந்துதான் கிளம்ப வேண்டும். உற்பத்தியாகும் இடம் மேற்குக் கோடியில், வாங்குகிற ஊர்கள் நூற்றுக்கணக்கான கி.மீ. தள்ளி. அப்புறம் கம்பி இல்லாமல் எப்படி? அதே 2021லேயே மத்திய அமைச்சகங்கள் நீதிமன்றத்துக்குத் திரும்பி வந்தன: உத்தரவை மாற்றிக் கொடுங்கள், இது நடக்காத காரியம்.

புதைக்க முடியுமா?

அரசு சொன்னதில் உண்மையும் உண்டு, கொஞ்சம் மிகையும் உண்டு. இதை ஒரே பதிலாகச் சொல்ல முடியாது, அழுத்தத்துக்கு அழுத்தம் பதில் மாறும்.

33 கே.வி. கேபிளில் புதுமை எதுவும் இல்லை. காற்றாலையிலிருந்தும் சூரியப் பூங்காவிலிருந்தும் துணை மின்நிலையத்துக்கு மின்சாரம் திரட்டும் கம்பிகள் பெரும்பாலும் இந்த அழுத்தத்தில்தான் ஓடுகின்றன. பள்ளம் தோண்டி, மணல் பரப்பி, கேபிளைப் போட்டு மூடவேண்டியதுதான். சென்னை நகருக்குள் 230 கே.வி. கூட நிலத்தடியில் ஓடுகிறது. ஆகவே 33ஐப் புதைக்க முடியாது என்று யாராவது சொன்னால் அது செலவைப் பற்றிய பேச்சு, தொழில்நுட்பத்தைப் பற்றியது இல்லை.

400 கே.வி.க்கு வந்தால் கதை வேறு. கேபிள் என்பது உள்ளே செம்போ அலுமினியமோ, நடுவே காப்பு, வெளியே உலோக உறை. அதாவது, நீளமான ஒரு மின்தேக்கி. மாறுதிசை மின்சாரம் நொடிக்கு 50 முறை அந்த மின்தேக்கியை நிரப்பிக் காலி செய்துகொண்டே இருக்க வேண்டும். கேபிளின் வகையைப் பொறுத்துக் கிலோமீட்டருக்கு 10, 15 ஆம்பியர் இதற்கே போய்விடும். 50 கி.மீ. போட்டால், மறுமுனையில் ஒரு விளக்கு எரிவதற்கு முன்பே கேபிளின் கொள்ளளவில் பாதி தீர்ந்திருக்கும். இடையிடையே இதை ஈடுகட்டும் ரியாக்டர் என்ற கம்பிச்சுருள் கருவியை வைத்துத்தான் சமாளிக்க வேண்டும். கேபிளும் சில நூறு மீட்டர் துண்டுகளாக டிரம்மில் வரும், ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு ஜாயின்ட். பழுது வருவது பெரும்பாலும் ஜாயின்ட்டில்தான். பாலைவன மணல் இன்னொரு தலைவலி. காய்ந்த மணல் சூட்டை வெளியே விடாது. அதனால் அதே கேபிளில் குறைவான மின்சாரத்தையே அனுப்ப முடியும். 765 கே.வி. பாதையை நூற்றுக்கணக்கான கி.மீ.க்குப் புதைப்பது இன்றைய நிலையில் பேச்சுக்குக் கூட வராது.

நேர்திசை மின்சாரத்தில் இந்த மின்தேக்கித் தொல்லை கிடையாது. அதற்கு உதாரணம் தேடி வெளிநாடு போக வேண்டாம். கரூருக்குப் பக்கத்துப் புகளூரிலிருந்து கேரளத்துத் திருச்சூருக்குப் போகும் 320 கே.வி. நேர்திசைப் பாதை 2021 பிப்ரவரியில் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது, 2,000 மெகாவாட். தமிழ்நாட்டில் டவர்களில் வரும் அந்தப் பாதை கேரளத்தில் ஒரு பகுதியைச் சாலையோரமாக நிலத்தடி கேபிளாகக் கடக்கிறது. வீடும் தோப்பும் நெருக்கமாக இருக்கும் ஊர்களில் டவருக்கு இடம் கிடைக்காது என்பதால் கேபிள் கிடைத்தது. நேர்திசைக்கு இரு முனையிலும், மாறுதிசையை நேர்திசையாகவும் திரும்ப மாறுதிசையாகவும் ஆக்கும் மாற்றி நிலையம் வேண்டும், அதற்கு ஆகும் செலவு கொஞ்சநஞ்சமில்லை. ஆகவே ஜெய்சால்மரிலும் அப்படியே செய்திருக்கலாமே என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் மனிதர்கள் மறித்த இடத்தில் கணக்கு எப்படியோ கட்டுப்படியாகிறது. மறிக்க ஆளில்லாத இடத்தில் ‘சாத்தியமில்லை’ என்ற சொல் கொஞ்சம் சீக்கிரமே வந்துவிடுகிறது.

டைவர்ட்டர்

சரி, புதைக்க முடியாத கம்பிக்கு என்ன செய்வது? டைவர்ட்டர் மாட்டு என்றார்கள். கம்பியில் கவ்விக்கொண்டு தொங்கும் சிறு தகடு அல்லது சுருள். சில வகை காற்றில் சுழலும், சிலவற்றில் ஒளியைத் திருப்பும் ஒட்டுத்தாள், இரவில் மின்மினி போல மினுங்கும். பறவை தூரத்திலேயே பார்த்து விலகும் என்பது கணக்கு. பொக்ரான் பக்கத்தில் மாட்டிப் பார்த்தார்கள். இடைக்காலத் தீர்வு என்று 2021 உத்தரவில் வந்தது, நாளாக ஆக அதுவே தீர்வு மாதிரி ஆகிவிட்டது. பழுதாகி விழுந்தவை பற்றியும் தரம் பற்றியும் புகார்கள் வந்தன. எனக்கு அதைவிடப் பெரிய சந்தேகம் வேறு ஒன்று.

தென்னாப்பிரிக்காவின் காரூ வறள்வெளியில் பல ஆண்டுகள் நடத்திய பெரிய அளவிலான பரிசோதனை ஒன்றின் முடிவு 2021இல் வெளிவந்தது. ஒரே பாதையில் சில ஸ்பேன்களில் (ஒரு டவருக்கும் அடுத்த டவருக்கும் இடைப்பட்ட கம்பி) டைவர்ட்டர் மாட்டி, சிலவற்றை அப்படியே விட்டு, கீழே விழுந்த பறவைகளை எண்ணிக்கொண்டே இருந்தார்கள். நீலக் கொக்குகளின் சாவு 92 சதவீதம் குறைந்தது. பெரிய பறவைகளை மொத்தமாக எடுத்தால் ஏறக்குறைய பாதி குறைந்தது. பஸ்டர்டு வகைக்கு மட்டும் ஒரு மாற்றமும் இல்லை. மாட்டிய ஸ்பேனிலும் மாட்டாத ஸ்பேனிலும் ஒரே மாதிரி செத்தன.

மேலே நினைவில் வைக்கச் சொன்னேனே, அந்தப் பார்வைப் புலம். தலை தாழ்த்திப் பறக்கும் பறவைக்கு எதிரே எதுவும் தெரியாது என்றால் எதிரே மின்மினியைத் தொங்கவிட்டு என்ன பயன்? கானமயிலும் அதே குடும்பம். இந்தியாவில் டைவர்ட்டர் வேலையே செய்யாது என்று நிரூபணம் ஆகிவிட்டதாக நான் சொல்லவில்லை. மற்ற பறவைகளுக்கு அது நிச்சயம் உதவும், 84,000இல் பெரும்பங்கு மற்ற பறவைகள்தான். ஆனால் எந்தப் பறவையின் பெயரில் வழக்கு நடந்ததோ அந்தப் பறவை விஷயத்தில்தான் இந்தச் சாதனத்தின் மீது நம்பிக்கை வைக்கக் காரணம் மிகக் குறைவு. அப்படியானால் மிஞ்சுவது ஒரே வழி: கம்பி அங்கே போகாமல் பார்த்துக்கொள்வது.

2024, 2025

2024 மார்ச் 21 அன்று தலைமை நீதிபதி டி.ஒய். சந்திரசூட் அமர்வு பழைய உத்தரவைத் திருத்தியது. 99,000 சதுர கி.மீ. முழுவதற்கும் ஒரே தடை என்பதைத் திரும்பப் பெற்று, எங்கே எதைச் செய்வது என்று சொல்ல நிபுணர் குழுவை அமைத்தது. அதே தீர்ப்பில்தான், பருவநிலை மாற்றத்தின் பாதிப்புகளிலிருந்து காக்கப்படுவது அரசியல் சாசனத்தின் 14, 21ஆம் பிரிவுகளின் கீழ் மக்களின் உரிமை என்றும் நீதிமன்றம் சொன்னது. உலகமெங்கும் பத்திரிகைகள் அந்த வரியைக் கொண்டாடின. பறவைக்காகப் போட்ட வழக்கில் மனிதனுக்கு ஒரு புதிய உரிமை கிடைத்தது, பறவையின் வேலி சுருங்கியது. ஒரே நாளில், ஒரே தாளில்.

கிண்டலாகச் சொல்லவில்லை. சூரிய மின்சாரம் வராவிட்டால் நிலக்கரி எரியும், வெப்பம் ஏறும், கானமயிலின் புல்வெளியும் தப்பாது. நீதிமன்றம் எடைபோட வேண்டியிருந்தது உண்மைதான். என் மனத்தாங்கல் எடைபோட்ட நேரத்தைப் பற்றியது. டவர்கள் நின்ற பிறகு, ஏலம் விட்டு ஒப்பந்தம் போட்ட பிறகு, துணை மின்நிலையம் எங்கே என்று முடிவான பிறகு நீதிமன்றத்தின் முன் இருப்பது இரண்டே கேள்வி: புதைப்பதா, தகடு மாட்டுவதா? துணை மின்நிலையத்தை 40 கி.மீ. தள்ளி வைத்திருக்கலாமா என்று கேட்கும் காலம் அதற்குள் போய்விட்டது. வரைபடத்தில் முதல் கோடு போடும் அறையில் கானமயிலைப் பற்றித் தெரிந்த ஒருவர் உட்கார்ந்திருந்தால் இந்த வழக்கில் பாதிக்கு வேலையே இருந்திருக்காது.

உள்ளூர்க்காரர்களுக்கு இது தெரிந்தே இருந்தது. ஜெய்சால்மர் பக்கத்து ஊர்களில் ஓரண் என்று உண்டு. தெய்வத்தின் பேரில் விட்ட மேய்ச்சல் காடு, நம் ஊர்க் கோயில்காடு மாதிரி. மரம் வெட்டமாட்டார்கள், ஒட்டகமும் ஆடும் மேயும், கானமயிலும் வரும். வருவாய்த்துறைப் பதிவேட்டில் இவற்றில் பலவும் தரிசு என்றே எழுதப்பட்டிருக்கின்றன. தரிசு என்று எழுதிவிட்டால் டவர் நட யாரைக் கேட்க வேண்டும்? தேக்ராய் ஓரணைச் சுற்றியுள்ள மக்கள் மின்பாதைகளை எதிர்த்துப் பல ஆண்டுகளாகக் குரல் கொடுத்து வருகிறார்கள். பறவையைவிட மேய்ச்சல் நிலம் போவதுதான் அவர்களுடைய முதல் கவலை. இரண்டும் ஒரே நிலம்தான்.

வேடிக்கை என்னவென்றால், இந்தப் பறவைக்கு இன்று மிஞ்சியிருக்கும் நல்ல இடங்களில் ஒன்று பொக்ரான் ராணுவச் சுடுதளம். அணுகுண்டு வெடித்துப் பார்த்த அதே வட்டாரம். குண்டு விழும் இடத்தில் யாரும் குடியேறமாட்டார்கள், கம்பியும் இழுக்கமாட்டார்கள்.

2025 டிசம்பர் 19 அன்று நீதிபதி பி.எஸ். நரசிம்மா அமர்வு நிபுணர் குழுவின் பரிந்துரைகளைப் பெருமளவில் ஏற்றுத் தீர்ப்பளித்தது. முன்னுரிமைப் பகுதி ராஜஸ்தானில் 14,013 சதுர கி.மீ., குஜராத்தில் 740. 99,000 என்ற பழைய எண்ணோடு ஒப்பிட்டால் சின்னது. ஆனால் கட்டுப்பாடு கூர்மையானது: புதிய கம்பிகள் இஷ்டப்பட்ட இடத்தில் போகக் கூடாது, அவற்றுக்கென ஒதுக்கிய தடங்களில் சேர்ந்தே போக வேண்டும். நான் இதை வரவேற்கிறேன். பத்துத் திசையில் சிதறிய பத்துப் பாதைகளைவிட ஒரே தடத்தில் பத்துப் பாதை பறவைக்கு நல்லது. தகடு மாட்டுவதைவிடத் தடத்தை மாற்றுவது மேல் என்ற இடத்துக்கு ஆறு ஆண்டு கழித்தாவது வந்து சேர்ந்தோம்.

இதற்கிடையில்

குஜராத்தில் கட்ச் மாவட்டத்து நலியா அருகே உள்ள புல்வெளியில் சில பெண் பறவைகள் மட்டுமே எஞ்சின. ஆண் பறவை இல்லாமல் அவை ஆண்டுதோறும் கருவில்லாத முட்டைகளை இட்டுவந்தன.

ஜெய்சால்மரில் ஒரு முன்னேற்றம் உண்டு. சாம், ராம்தேவ்ரா ஆகிய இடங்களில் இனப்பெருக்க மையங்கள் இயங்குகின்றன. காட்டில் கிடைக்கும் முட்டைகளை எடுத்துவந்து பொரிக்கவைத்து வளர்க்கிறார்கள். 2024 அக்டோபரில் செயற்கைக் கருவூட்டலில் முதல் குஞ்சு பிறந்தது. கையில் வளர்ந்த பறவைகளை என்றைக்காவது திறந்த வெளியில் விடத்தான் போகிறார்கள். அவை பறக்கப்போகும் வானத்தில் புதிய தடங்கள் ஒழுங்குக்கு வந்தாலும் பழைய டவர்கள் நின்றுகொண்டுதான் இருக்கும். அவற்றில் மாட்டிய டைவர்ட்டர்கள் வெயிலிலும் மணல்காற்றிலும் ஒவ்வொன்றாகக் கழன்று விழும். விழுந்ததை மறுபடி மாட்ட வேண்டுமானால் லைனில் வேலை செய்ய அனுமதி (லைன் கிளியர்) வாங்கி, சப்ளையை நிறுத்தி, ஆள் 40 மீட்டருக்கு மேல் ஏற வேண்டும், இல்லை டிரோன் அனுப்ப வேண்டும். பகலில் சூரிய மின்சாரம் ஓடும் பாதையைப் பகலில் நிறுத்த எந்த நிறுவனம் முன்வரும் என்று தெரியவில்லை. இரவில் ஏறினால், அந்த 11 மி.மீ. கம்பி ஏறுகிறவர் கண்ணுக்கும் தெரியாது.